பையன் ஸ்கூல்ல காசு எடுத்துட்டான், கேட்டா "அது கழிவு"ன்னு சொல்றான். எப்படி கண்டிக்கறது?

கோத்தகிரி_பிக்கப் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் பச்சை தேயிலை ஏஜெண்டு. சொந்தமா ஒரு பிக்கப் வண்டி இருக்கு, 45 சிறு விவசாயிங்க கிட்ட கொழுந்து எடை போட்டு எடுத்து ஒரு தனியார் ஃபேக்டரில கொண்டு போய் இறக்கறது தான் 11 வருசமா பொழப்பு. வீட்டு விசயத்த வெளில சொல்லி பழக்கம் இல்ல, ஆனா 10 நாளா சரியா தூங்கல, அதனால எழுதறேன்.

பையனுக்கு 13 வயசு, எட்டாவது படிக்கிறான். கிளாஸ் லீடர். ஸ்போர்ட்ஸ் டேக்கு எல்லாருக்கும் ஒரே கலர் டீ சர்ட் எடுக்கணும்னு முடிவாகி காசு வசூல் பண்ற வேலைய சார் இவன் கிட்ட குடுத்திருக்காரு. கடைல ஒரு டீ சர்ட் 230 ரூபா, இவன் 250ன்னு சொல்லி 35 பசங்க கிட்ட வாங்கிட்டான். தலைக்கு 20, மொத்தம் 700 ரூபா. ஒரு பையனோட அம்மா சைஸ் மாத்த கடைக்கு போனப்போ பில்ல பாத்து தான் விசயமே வெளில வந்துச்சு. என்ன ஸ்கூலுக்கு கூப்பிட்டாங்க. சார் அவன் கிட்ட பொறுமையா தான் கேட்டாரு, ஏன்டா 20 ரூபா சேர்த்து வாங்கினன்னு. இவன் என்ன பாக்காம சார பாத்து சொன்னான், "அது கழிவு சார்". சாருக்கு புரியல. எனக்கு புரிஞ்சிடுச்சு, அந்த ரூம்ல நிக்க முடியல.

புரியாதவங்களுக்கு சொல்றேன். நாங்க இலை எடை போடும்போது சாக்கு எடை, ஈரம், முத்தின இலை இதுக்கெல்லாம் கொஞ்சம் கழிச்சு தான் எழுதுவோம், அது தான் கழிவு. தராசுல 27.6 காட்டுனா நோட்டுல 25ன்னு எழுதுவேன். ஃபேக்டரில வெயில் நாள்ல சாக்குக்கு 1 கிலோ, மழை நாள்ல 2, சில நாள் 3 கூட கழிக்க சொல்வாங்க. அதுக்கு மேல நான் ஒரு அரை கிலோ சேர்த்து கழிப்பேன், ஏன்னா இங்க எடுத்த இலை ஃபேக்டரி போய் சேர 2 மணி நேரம் ஆகுது, அதுக்குள்ள வாடி எடை குறையும், அங்க குறைஞ்சா என் தலைல தான் விழும். அப்படி குறைஞ்சது போக மிச்சம் ஆகறது, நோட்டுல கடைசியா தோட்டமே இல்லாத ஒரு பேர் இருக்கும், அதுல எழுதுவோம். மாசத்துக்கு ஒரு 6000 ரூபா வரும். டீசலுக்கும் வண்டி டியூவுக்கும் அது தான் உதவி. எனக்கு தெரிஞ்ச முக்கால்வாசி ஏஜெண்டுங்க இப்படி தான் ஓட்டறாங்க.

சனிக்கிழமை லீவுல பையன் என் கூட வண்டில வருவான், அவனுக்கு கையெழுத்து அழகா இருக்கும், நோட்டு எழுத சொல்லிடுவேன். ரெண்டு வருசமா எழுதறான். ஒரு தடவ கேட்டான், "அப்பா, இந்த கடைசி பேருக்கு தோட்டம் எங்க இருக்கு?"ன்னு. "அது நம்ம டீசல் தோட்டம்டா"ன்னு சொல்லி சிரிச்சேன், அவனும் சிரிச்சான்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் அடிச்சிட்டேன். இலை சாக்கு கட்டற கயிறால நாலு அடி. அவன் அழவே இல்ல. அடுத்த சனிக்கிழமை கூப்பிட்டேன், வரலன்னுட்டான். என் சம்சாரம் சொல்றா, முதல்ல அந்த கடைசி பேர நோட்டுல அடிச்சிட்டு வந்து அப்புறம் பையன கண்டிங்கன்னு. அவ சொல்றது சரி தான், ஆனா கழிவே இல்லாம இந்த தொழில் எப்படி பண்றது? பையன எப்படி திருத்தறது? ரெண்டும் ஒரே கேள்வியா ஆகிடுச்சு எனக்கு. பெரியவங்க, இந்த தொழில் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

மலைக்காத்து எழுதியது:

அண்ணே ரொம்ப யோசிக்காதீங்க. 700 ரூபா விசயம். நாலு அடி குடுத்தீங்கல்ல அது போதும், தப்பே இல்ல, எங்கப்பா வேலிக்கம்ப பிடுங்கி அடிச்சாரு, நான் இன்னைக்கு எஸ்டேட்ல சூப்பர்வைசரா 60 பேர மேய்க்கிறேன். அடிக்காம வளத்த பிள்ளைங்க தான் இப்ப ஊட்டி ரோட்டுல பைக்ல வீலிங் பண்றாங்க. தொழில் வேற வீடு வேற, ரெண்டயும் போட்டு குழப்பிக்காதீங்க. பெரியவங்க பண்றத எல்லாம் சின்ன பையன் பண்ண கூடாது, அத அழுத்தி சொல்லுங்க.

—

குன்னூர்_டீச்சர் எழுதியது:

தம்பி, நான் 33 வருசம் அரசு பள்ளில வேலை பாத்து 2016ல ஓய்வு பெற்றவ. மேல எழுதின தம்பி அடி போதும்னு சொல்றாரு, அதனால என் கதை ஒண்ண எழுதறேன், இதுவரைக்கும் நான் யாருக்கும் எழுதினது இல்ல.

1994ல என் கிளாஸ்ல தேர்வு கட்டணம் வசூல் பண்ணி மேசை மேல வெச்சிருந்ததுல 50 ரூபா காணோம். ஒரு பையன் மேல சந்தேகம். ஏன் சந்தேகம்னா அவன் லயத்து வீட்டுல, அதாவது எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீட்டுல இருந்து வர்ற பையன், செருப்பு இல்லாம வருவான், அது தவிர வேற ஒரு காரணமும் கிடையாது, இப்ப எழுதும்போது தான் அது எனக்கே நல்லா தெரியுது. எல்லார் முன்னாடியும் கையை நீட்ட சொல்லி பிரம்பால அடிச்சேன். எடுத்தேன்னு ஒத்துக்கற வரைக்கும் அடிச்சேன், ஒத்துக்கிட்டான். மறுநாள் வருகை பதிவேட்ட திருப்பும்போது பக்கத்துக்கு நடுவுல அந்த 50 ரூபா ஒட்டிக்கிட்டு இருக்கு. அவன் அன்னைக்கு வரல. அடுத்த நாளும் வரல. நான் வீடு தேடி போனேன், அவங்க அம்மா கொழுந்து பறிக்க போயிட்டாங்க, அவன் தங்கச்சிய இடுப்புல வெச்சிக்கிட்டு வாசல்ல நின்னான், ஸ்கூலுக்கு வாடான்னு கூப்பிட்டேன், தலைய ஆட்டினான், ஆனா கடைசி வரைக்கும் வரல. செய்யாத தப்ப அடிச்சு ஒத்துக்க வெச்சா பிள்ளை என்ன கத்துக்கும்னு பாருங்க, உண்மைய சொன்னாலும் ஒண்ணும் நடக்காது, பொய் சொன்னா தான் அடி நிக்கும்னு கத்துக்கும். அவன் இப்ப குன்னூர் மார்க்கெட்ல காய்கறி மூட்டை இறக்கறான். என்ன பாத்தா இன்னைக்கும் "வணக்கம் டீச்சர்"னு மூட்டையோட நின்னு சொல்றான். எனக்கு பதில் வணக்கம் சொல்லவே நாக்கு எழும்பாது.

2009 கல்வி உரிமை சட்டம் பிரிவு 17ல பள்ளில உடம்பால தண்டிக்கிறதயும் மனசால துன்புறுத்தறதயும் தடை பண்ணிட்டாங்க. அது வந்தப்போ எங்க ஸ்டாஃப் ரூம்ல ரொம்ப பேர் இனிமே பிள்ளைங்கள கட்டுப்படுத்தவே முடியாதுன்னு புலம்பினாங்க. நான் வாய திறக்கல.

உங்க பையன் விசயத்துக்கு வர்றேன். அவன் திருடனதா நினைச்சு பண்ணல தம்பி, இது தான் நீங்க முதல்ல புரிஞ்சிக்க வேண்டியது. வேலை செஞ்சா கணக்குல ஒரு பங்கு எடுத்துக்கலாம், அதுக்கு ஒரு பேர் வெச்சா போதும், யாரும் கேக்க மாட்டாங்கன்னு ரெண்டு வருசம் பக்கத்துல உக்காந்து எழுதி கத்துக்கிட்டான். சாரோட ரூம்ல அத மறைக்காம சொல்லவும் செஞ்சான். வேற பையனா இருந்தா கடைக்காரர் மேல பழிய போட்டிருப்பான்.

காச அவன் கையாலயே திரும்ப குடுக்கணும். நீங்க 700 எடுத்து சார் கிட்ட குடுத்து முடிச்சிடாதீங்க. 35 பசங்களுக்கும் அவனே தனித்தனியா 20 ரூபா குடுக்கட்டும், ஆனா எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு மன்னிப்பு கேக்க வெக்காதீங்க, சார் கிட்ட பேசி அத தவிருங்க. செலவு பண்ணிருந்தா அந்த தொகைய அவனே உழைச்சு சேர்க்கட்டும், வீட்டு வேலைக்கு காசு குடுக்காம வேற எதாவது நியாயமான வேலை. லீடர் பதவிய எடுத்திருப்பாங்க, எடுக்கட்டும். அடுத்த வருசம் திரும்ப குடுக்க சொல்லி சார் கிட்ட நீங்களே கேளுங்க, பணம் கைல குடுத்து பாக்கணும், அப்ப தான் அவனுக்கு தன் மேலயே நம்பிக்கை வரும்.

—

இலைக்காரி எழுதியது:

அண்ணா நான் உங்கள மாதிரி ஒரு ஏஜெண்டு கிட்ட தான் 9 வருசமா இலை போடறேன். ஒரு ஏக்கர் தோட்டம், வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ல வேலை, நானும் மாமியாரும் தான் பாக்கறோம். கோவமா எழுதறேன்னு நினைக்காதீங்க, கொஞ்சம் கோவம் தான்.

ஏஜெண்டுங்க யாரும் யோசிக்காத ஒண்ணு சொல்றேன். கழிவுங்கறது வராத காசு மட்டும் இல்ல, நான் ஏற்கனவே கைல இருந்து குடுத்த காசு. பறிக்க வர்றவங்களுக்கு கிலோவுக்கு 8 ரூபா குடுக்கறேன். அவங்க எடைய என் வீட்டுல இருக்கற தராசுல போடறேன், 27.6ன்னா 27.6க்கும் கூலி எண்ணி குடுத்துடறேன். நீங்க 25ன்னு எழுதறீங்க. சாக்குக்குன்னு ஒரு 400 கிராம் நியாயம்னே வெச்சிக்குவோம். மிச்சம் 2.2 கிலோவுக்கு கூலி, உரம், மருந்து எல்லாம் என்னோடது, இலை மட்டும் உங்களோடதா? கிலோ 20 ரூபான்னு போட்டா சாக்குக்கு 44 ரூபா. ஒரு ரவுண்டுக்கு 10 சாக்கு, மாசத்துக்கு ரெண்டு ரவுண்டு. 880 ரூபா. என் பொண்ணோட வேன் ஃபீஸ் மாசம் 900.

டீ போர்டு மாசாமாசம் பச்சை இலைக்கு குறைஞ்சபட்ச விலை அறிவிக்கறாங்க, ஏலத்துல டீத்தூள் போற விலைல 65 பங்கு விவசாயிக்கு 35 பங்கு ஃபேக்டரிக்குன்னு ஒரு கணக்கு வெச்சு. அந்த விலைக்காக ஊர் ஊரா உண்ணாவிரதம் இருந்திருக்கோம். ஒரு ரூபா ஏத்தி கேட்டு ரோட்டுல உக்காரறோம், ஆனா நம்ம வாசல்ல தராசு தொங்கும்போது பத்துல ஒரு பங்கு போறத யாரும் பேச மாட்டோம். ஏன்னா ஏஜெண்டு பகைச்சிக்கிட்டா மழைக்காலத்துல இலை எடுக்க வண்டி வராது, பறிச்ச இலை சாக்குலயே சூடாகி கருத்து போகும். பயம் தான். உங்க 45 பேரும் உங்களுக்கு மரியாதை குடுக்கறாங்கல்ல, அதுல எவ்வளவு இந்த பயம்னு நீங்க தான் பாக்கணும்.

இன்னொன்னும் சொல்லணும், மறைக்க கூடாது. எங்க பக்கமும் சுத்தம் இல்ல. போன வருசம் ஐப்பசி மழைல கத்தில வெட்டின முத்தின இலைய சாக்கு அடில போட்டு மேல நல்ல கொழுந்து வெச்சு கட்டினேன். என் பொண்ணு தான் சாக்கு வாய பிடிச்சா. அவளுக்கு 9 வயசு. உங்க பதிவ படிச்சதுல இருந்து அது தான் ஓடிக்கிட்டே இருக்கு, அவ அன்னைக்கு ஒண்ணும் கேக்கல.

—

கோத்தகிரி_பிக்கப் எழுதியது:

அக்கா, அந்த கூலி கணக்கு சத்தியமா எனக்கு தோணவே இல்ல. 11 வருசத்துல ஒரு தடவ கூட தோணல. டீச்சர் அம்மா, உங்க பதில ரெண்டு தடவ படிச்சேன், என் சம்சாரத்துக்கும் படிச்சு காட்டினேன், அவ அழுதுட்டா. பையன் கிட்ட காசு எங்கன்னு கேட்டேன், ஜியோமெட்ரி பாக்ஸ்ல 520 ரூபா அப்படியே இருக்கு, 180 ரூபாக்கு கிரிக்கெட் பந்தும் கூட்டாளிங்களோட பரோட்டாவும்.

ஆனா தொழில் தெரிஞ்சவங்க ஒண்ணு சொல்லணும். இது நிஜமாவே மழைல நனைஞ்ச இலை. ஃபேக்டரில கழிப்பாங்க. நான் கழிக்கலன்னா அது என் கமிசன்ல இருந்து போகும், கிலோவுக்கு ஒன்றரை ரூபா தான் கமிசன். வடகிழக்கு மழை நம்ம கோத்தகிரி குன்னூர் பக்கம் அடிக்கற மாதிரி கூடலூர்ல கூட அடிக்காது, ரெண்டு மாசம் காஞ்ச இலையே பாக்க முடியாது. அப்போ என்ன பண்றது?

—

வாட்டுக்கூடம் எழுதியது:

நான் ஃபேக்டரி ஆள். 19 வருசம், இப்ப நைட் ஷிஃப்ட்ல இலை வாட்டற செக்சன். அதனால தெரிஞ்சத மட்டும் சொல்றேன்.

ஈரக்கழிவு பொய் இல்ல. பறிச்ச கொழுந்துல நல்ல நாள்லயே நூத்துக்கு 75ல இருந்து 80 பங்கு தண்ணி தான். அதனால தான் ஒரு கிலோ தூளுக்கு 4, நாலரை கிலோ இலை ஓடுது. மழை நாள்ல அதுக்கு மேல இலை மேல ஒட்டின தண்ணி வேற. அத ட்ரஃப்ல, அதாவது இலைய பரப்பி வாட்டற நீள தொட்டில, காத்து போட்டு போக்கணும், சூடு போடணும், விறகு எரியும், நேரம் ஆகும், வாடாம அரைச்சா தூள் கெட்டு போகும். ஃபேக்டரிக்கு நஷ்டம் உண்மை.

பிரச்னை என்னன்னா யாரும் அளக்கறது இல்ல. வானத்த பாத்து 2ன்னு சொல்றது, 3ன்னு சொல்றது. அளக்கறது கஷ்டமும் இல்ல. நான் எங்க செட்ல செய்யறது சொல்றேன். நாலஞ்சு சாக்குல இருந்து கை கை அள்ளி கலந்து சரியா 1 கிலோ நனைஞ்ச இலை எடுங்க. பழைய பருத்தி வேட்டில போட்டு நாலு மூலைய பிடிச்சு நல்லா உதறுங்க, வேட்டி தண்ணிய குடிச்சிடும், காஞ்ச துணில இன்னொரு தடவ. திரும்ப எடை போடுங்க. 930 கிராம் இருந்தா மேல ஒட்டின தண்ணி 70 கிராம், நூத்துக்கு 7. அவ்ளோ தான். இத விவசாயி கண்ணு முன்னாடி பண்ணுங்க, அன்னைக்கு அந்த லைன் முழுக்க அதே கழிவு. நோட்டுல தராசு எடை தனியா, சாக்கு தனியா, ஈரம் தனியா, நிகர எடை தனியா எழுதுங்க. இப்ப நீங்க கடைசி எண்ண மட்டும் எழுதறீங்க, அந்த இடத்துல தான் எல்லாம் ஒளிஞ்சிக்குது.

அப்புறம் தராசு. எலக்ட்ரானிக் தராசுக்கு வருசத்துக்கு ஒரு தடவ முத்திரை போடணும், நம்ம மாநிலத்துல தொழிலாளர் துறை தான் அத பாக்கறாங்க. உங்க தராசுல கடைசியா எப்ப போட்டது? பாருங்க.

வண்டில வர்ற வழில வாடற எடை உங்களுக்கு நிஜ செலவு. அத செலவா சொல்லி வாங்குங்க. கமிசன் ஒன்றரை போதாதுன்னா வெளிப்படையா ரெண்டே கால்னு கேளுங்க. குடுக்கறவங்க குடுப்பாங்க, போறவங்க போவாங்க.

நீங்க கேக்காத ஒண்ணு. எங்க பழைய ஃபேக்டரில ஒரு வருசம் கூட்டி அள்ளின டீ வேஸ்ட்ட நல்ல தூளோட திரும்ப கலக்க சொன்னாங்க. வேஸ்ட்ட குடிக்கற டீயா வெளிய விட கூடாதுன்னு 1959லயே ஆர்டர் இருக்கு. நான் மாட்டேன்னேன். வேலைய விட்டு எடுக்கல, கொதிகலன் பக்கம் விறகு தள்ள போட்டாங்க, 8 மாசம். வீட்டுக்கு கரியோட போவேன். என் பொண்ணு ஏன்பா இப்படின்னு கேட்டா, நடந்தத அப்படியே சொன்னேன். அவ்வளவு தான் நான் பிள்ளை வளர்ப்புல செஞ்சது, மத்தத எல்லாம் அவ அம்மா பாத்துக்கிட்டா.

—

மலைக்காத்து எழுதியது:

டீச்சர் அம்மா, நேத்து எழுதினத வாபஸ் வாங்கறேன்னு சொல்ல மாட்டேன், கண்டிப்பு வேணும்னு தான் இன்னமும் நினைக்கறேன். ஆனா எங்கப்பா அடிச்சது எதுக்குன்னு யோசிச்சு பாத்தேன், எனக்கு ஒரு தடவ கூட காரணம் ஞாபகம் வரல. கம்பு மட்டும் தான் ஞாபகம் இருக்கு.

—

அரைப்பேர் எழுதியது:

நான் கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில பில்லிங் செக்சன்ல வேலை பாக்கறேன். சொந்த ஊர் கூடலூர் பக்கம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைல இருந்து வந்த குடும்பம் எங்களோடது, பாட்டி கண்டி பக்கம் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க, இங்க வந்தும் அதே வேலை. எங்கப்பா அதே தோட்ட வாழ்க்கைல படிச்சு மேல வந்து ஒரு எஸ்டேட்ல கணக்கு எழுதறவரா ஆனாரு. எங்களுக்கு அது எவ்வளவு பெரிய பெருமை தெரியுமா, லயத்துல முதல் பேனா எங்க வீட்டுல தான்.

தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு "பேர் போடறது"ன்னு சொல்வாங்க. லேட்டா வந்தா, எடை குறைஞ்சா அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். எங்கப்பா மேல இருக்கறவங்கள சந்தோசப்படுத்த வேணும்னே நிறைய பேருக்கு அரைப்பேர் போட்டாரு. பிள்ளைக்கு பால் குடுத்துட்டு பத்து நிமிசம் லேட்டா மலை ஏறி வந்த பொம்பளைங்களுக்கு கூட. இது எனக்கு 20 வயசுல தான் தெரியும், அதுவும் ஒரு கல்யாண வீட்டுல ஒரு அக்கா சொல்லி, "உங்கப்பா எனக்கு போட்ட அரைப்பேர் எல்லாம் சேர்த்தா ஒரு பவுன் வரும் பாப்பா"ன்னு. கோவமா கூட சொல்லல, சாதாரணமா சொன்னாங்க, அது தான் தாங்கல.

அப்பா கிட்ட கேட்டேன். "வேற வழியில்லமா, உன்ன படிக்க வெக்கணும்ல"ன்னாரு. அண்ணா, தயவு செஞ்சு இந்த பதில மட்டும் உங்க பையனுக்கு குடுக்காதீங்க. என் படிப்ப என் மேலயே தூக்கி வெச்ச மாதிரி ஆச்சு. ரெண்டு வருசம் நான் சரியா பேசல அவரோட. அப்புறம் ரிட்டயர் ஆகி உடம்பு முடியாம இருந்தப்போ ஒரு நாள் அவரா சொன்னாரு, "அது தப்பு தான் பாப்பா, அப்பவே தெரியும், தெரிஞ்சு தான் பண்ணேன்". அவ்ளோ தான், வேற விளக்கம் குடுக்கல. அதுக்கு அப்புறம் தான் என்னால அவருக்கு தைலம் தேச்சு விட முடிஞ்சது.

உங்க பையன் இப்ப அடிக்கு கோவமா இல்லன்னு எனக்கு தோணுது. நீங்க செய்யறத தான் செஞ்சான், நீங்க சிரிச்சீங்க, அவன் அடி வாங்கினான். அந்த டீசல் தோட்டம் ஜோக்க நீங்க தான் போய் திருப்பி எடுக்கணும். "தெரிஞ்சு தான் பண்ணேன்"னு சொல்லுங்க. என் வேலைலயும் தினமும் பில்லுல ஒரு வரி சேர்க்கறதா வேணாமான்னு வரும், மேல இருந்து சொல்வாங்க, அப்போ எல்லாம் எனக்கு அந்த கல்யாண வீட்டு அக்கா முகம் தான் வரும்.

—

குன்னூர்_டீச்சர் எழுதியது:

அம்மாடி, உன் பதில படிச்சிட்டு கொஞ்ச நேரம் வெளில போய் நின்னுட்டு வந்தேன். அடுத்த தடவ மார்க்கெட்ல அவன பாக்கும்போது நானும் சொல்லணும். 30 வருசம் ஆச்சு.

—

கோத்தகிரி_பிக்கப் எழுதியது:

ஒரு மாசம் ஆச்சு, என்ன ஆச்சுன்னு சில பேர் கேட்டீங்க. நல்லதும் கெட்டதும் ரெண்டயும் எழுதறேன்.

பையன் கிட்ட பேசினேன். வீட்டுல முடியல, வண்டில வெச்சு தான் பேசினேன், கொடநாடு ரோட்டுல மூடுபனி, லைட் போட்டுக்கிட்டு ஓரமா நிறுத்திட்டு சொன்னேன். கடைசி பேர்ல எழுதறது நம்ம இலை இல்ல, தெரிஞ்சு தான் பண்ணேன், உன்ன எழுத வெச்சது அத விட தப்பு, கயிறால அடிச்சது அதுக்கும் மேலன்னு. அவன் ரொம்ப நேரம் கண்ணாடில விரலால கோடு போட்டுக்கிட்டே இருந்தான். அப்புறம் கேட்டான், "இதுவரைக்கும் எடுத்தத திருப்பி குடுப்பீங்களா?"

அதுக்கு என் கிட்ட பதில் இல்ல. 11 வருசம், எப்படி குடுக்கறது, யாருக்கு எவ்வளவுன்னு கணக்கே கிடையாது. குடுக்க முடியாதுடா, ஆனா இந்த வருச நோட்டு இருக்கு, அதுல கடைசி பேர்ல இருக்கறத மட்டும் 45 பேருக்கும் எடைக்கு தகுந்த மாதிரி பிரிச்சு அடுத்த ஆறு மாசத்துல சேர்த்து எழுதலாம்னு சொன்னேன். சொல்லும்போது யோசிக்கவே இல்ல, வாய்ல வந்துடுச்சு. இப்ப செஞ்சிட்டு இருக்கேன். வண்டி டியூ ஒரு மாசம் நின்னு போச்சு, சம்சாரம் கம்மல அடகு வெச்சு கட்டினோம்.

180 ரூபாக்கு அவன் எங்க மாமியார் தோட்டத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை கொழுந்து பறிச்சான். கிலோ 8 ரூபா, 23 கிலோ. விரல் எல்லாம் கறை. 35 பசங்களுக்கும் கவர்ல போட்டு குடுத்துட்டான். ரெண்டு பேர் அவன் கூட பேசறது இல்லயாம். சார் அடுத்த வருசம் பாக்கலாம்னு சொல்லிருக்காரு.

ஃபேக்டரில மேனேஜர் கிட்ட அந்த வேட்டி விசயத்த சொன்னேன். முதல்ல ஒத்துக்கல, எல்லா ஏஜெண்டும் கேப்பாங்கன்னாரு. மூணு தடவ போனேன். இப்போ என் வண்டிக்கு மட்டும் நான் அளந்த ஈரத்த அவங்களும் ஒரு தடவ அளந்து பாத்துட்டு எடுத்துக்கறாங்க, பெரும்பாலும் ஒத்து போகுது, மழை நாள்ல நூத்துக்கு 6, 7, ஒரு நாள் 11 வந்துச்சு. பழைய கணக்குல அந்த 11 வந்த நாள்ல எனக்கு நஷ்டம் ஆகிருக்கும்னு அன்னைக்கு தான் தெரிஞ்சுது. தராசு முத்திரை போன வருசமே முடிஞ்சிருச்சு, அதயும் போட்டாச்சு.

விவசாயிங்க கிட்ட கமிசன் ரெண்டு ரூபா ஆக்கறேன், கழிவு உங்க முன்னாடியே அளக்கறேன்னு சொன்னேன். சில பேர் சந்தோசப்பட்டாங்க. ஆனா ஒரு பாட்டி, என் கிட்ட முதல் நாள்ல இருந்து இலை போட்டவங்க, "அப்போ இவ்ளோ வருசம் என் கிட்ட எவ்வளவு புடிச்ச?"ன்னு கேட்டாங்க. அடுத்த நாள்ல இருந்து வேற வண்டிக்கு மாறிட்டாங்க. இன்னும் மூணு பேரும் போயிட்டாங்க. பாட்டி வீட்டு வழியா தான் தினமும் போறேன், அவங்க சாக்கு வெளில இருக்கும், நான் நிறுத்த மாட்டேன்.

பையன் போன சனிக்கிழமை தானா வண்டில ஏறி உக்காந்தான். நோட்ட திறந்து ஸ்கேல் வெச்சு நாலு கட்டம் போட்டான், தராசு, சாக்கு, ஈரம், நிகரம்னு. முதல் வீட்டுல சாக்குக்கு நான் பழக்கத்துல 1 கிலோன்னு சொல்லிட்டேன். "அப்பா, காலி சாக்க மாட்டி பாருங்க"ன்னான். மாட்டினேன், 380 கிராம்.

இப்போ ஒரு சந்தேகம். அவன் கேக்கறான், தராசு வருசத்துக்கு நடுவுல தப்பு காட்டினா நமக்கு எப்படி தெரியும்னு. முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல்லு ஒண்ணு வாங்கி வண்டில வெச்சிக்கலாமா? கோத்தகிரி, குன்னூர் பக்கம் எந்த மாதிரி கடைல கேக்கணும்?

—

வாட்டுக்கூடம் எழுதியது:

வாங்கலாம். 20 கிலோ ஒரே கல்லா வேணாம், மலைல தூக்கி தூக்கி பையன் முதுகு போயிடும். 5 கிலோ நாலு வாங்குங்க, தராசுல ஒவ்வொண்ணா ஏத்தி 5, 10, 15, 20ன்னு நாலு இடத்துல பாக்கலாம். தராசு ரிப்பேர் பண்றவங்க கிட்டயே கிடைக்கும், லைசென்ஸ் உள்ளவங்களான்னு கேட்டுக்கோங்க. கல்லுலயும் முத்திரை, வருசம் இருக்கான்னு திருப்பி பாத்து வாங்குங்க, அடில ஈயம் அடைச்ச இடத்துல இருக்கும்.